அமைவின் இருப்பிடம் எது? கொள்கலன்களில் இயங்கும் சேமிப்புக் கொத்துகள் பற்றி ஓர் ஆய்வு

பழனி மலைகளின் மேற்பரப்பில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஸ்தாபிதமான கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம், 1904 தொட்டுச் சூரியனின் வெண்ணொளிப் படங்களையும், அதை அடுத்த சில ஆண்டுகளிலிருந்து கால்சியத்தின் கே-வரிப் படங்களையும், 1912 முதல் ஹைட்ரஜனின் ஆல்ஃபா-வரிப் படங்களையும் கண்ணாடித் தகடுகளிலும் பின்னர் பிலிமிலும் நாள்தோறும் பதிந்து, ஒரு நூற்றாண்டைக் கடந்த தொகுதி ஒன்றை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. சூரியக் களங்கங்களின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டறிந்தது இந்த மலையில்தான்.

அத்தகடுகளை எண்மமாக்கும் பணி ஒரு முறையோடு முடியவில்லை. முதலில் எட்டு பிட் ஆழத்தில், அதாவது கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 256 படிகளில், அவை நகலெடுக்கப்பட்டன. பின்னர் 4,096-க்கு 4,096 புள்ளிகளும் பதினாறு பிட் ஆழமும், அதாவது 65,536 படிகளும், கொண்ட கருவியால் மறுபடியும் எடுக்கப்பட்டன. படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 33.5 மெகாபைட். இவ்விரு தொகுதிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் கண்ட சிரமங்களில் பெரும்பகுதி, படத்தின் உள்ளே இருக்கும் சூரியனைப் பற்றியதாக இல்லாமல், படம் எடுக்கப்பட்ட நிலைமையைப் பற்றியதாகவே இருந்தது. சிலவற்றில் நேரக் குறிப்பு பிழைபட்டிருந்தது. சிலவற்றில் வடக்கு எது என்பது ஐயத்துக்கு இடமாயிற்று. பல தகடுகளில் ஒளியளவை மதிப்பிட உதவும் அளவீட்டுப் பதிவு இல்லை. தகடு பத்திரமாக இருந்தும் அதன் அமைவு தொலைந்திருந்தது.

இன்று இத்தகைய தொகுதிகள் வாழும் இடம் வட்டுகள். அந்த வட்டுகளை ஆளும் மென்பொருளுக்கும் அமைவுகள் உண்டு. அவற்றை எங்கே எழுதி வைப்பது, இரண்டு இடங்களில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் எதற்குக் கீழ்ப்படிவது, எழுதியதன் காரணத்தை யார் காப்பது என்ற கேள்விகளுக்குக் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பலர் பல விடைகள் கூறியிருக்கிறார்கள். அவ்விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பிறப்பையும் பலவீனத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பிரச்சினையின் உருவம்

எல்லாத் தரவையும் ஒரே பெரும் பெட்டியில் வைக்காமல், பல சாதாரண சர்வர்களில் உள்ள வட்டுகளை ஒன்றிணைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகளோ அதற்கு நிகரான வேறு பாதுகாப்போ ஏற்படுத்தி, எந்த ஒரு வட்டு பழுதானாலும் தரவு அழியாதபடி செய்வதே பகிர்ந்த சேமிப்பு முறை. இப்படி இணைந்த சர்வர்களின் கூட்டத்தைக் கிளஸ்டர், அதாவது கொத்து, என்கிறார்கள். இவ்வகையில் பரவலாக வழங்கும் செஃப் என்னும் மென்பொருள், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் நடத்திய முனைவர் பட்ட ஆராய்ச்சியிலிருந்து தோன்றி, 2006-இல் ஆய்வரங்குக் கட்டுரையாக வெளிவந்து, 2012-இல் தன் முதல் நிலையான வெளியீட்டைக் கண்டது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமான செர்ன் 2013-இலேயே ஏறத்தாழ 3 பெட்டாபைட் அளவுள்ள செஃப் கொத்து ஒன்றை நிறுவியது.

இக்கொத்தில் ஒவ்வொரு வட்டையும் கவனிக்க ஓ.எஸ்.டி. எனப்படும் டீமன், அதாவது பின்னணி நிரல், ஒன்று இடைவிடாது இயங்குகிறது. கொத்தின் நிலை என்ன, யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைத் தீர்மானிக்க மூன்று அல்லது ஐந்து மானிட்டர்கள் ஒரு சபைபோல் கூடிப் பெரும்பான்மையால் முடிவெடுக்கின்றன. இவை அனைத்துக்கும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைவுகள் உள்ளன. ஒரு டீமன் எவ்வளவு நினைவகம் கொள்ளலாம், வட்டு ஒன்று பழுதானால் அதன் பிரதிகளை எவ்வளவு வேகமாக மீட்கலாம், ஒரு தரவுக் குளத்தை முழுவதும் அழிக்க அனுமதி உண்டா என்பன போன்றவை அவை. இவற்றில் சில வெறும் சௌகரியம் பற்றியவை; சில, தவறினால் தரவையே இழக்கச் செய்யக்கூடியவை.

இப்பிழைகள் அரிதானவை என்று எண்ண ஆதாரமில்லை. வணிகச் சேமிப்பு அமைப்பு ஒன்றையும் நான்கு திறமூல மென்பொருள்களையும் எடுத்துக்கொண்டு 546 உண்மையான அமைவுப் பிழைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 70 முதல் 85.5 விழுக்காடு வரை அளவுருக்களைத் தவறாக இட்டதால் நேர்ந்தவை என்று கண்டது.

கோப்பில் எழுதும் மரபு

மிகப் பழைய விடை, ஒவ்வொரு சர்வரிலும் ஒரு கோப்பு என்பது. யூனிக்ஸ் மரபில் வந்த இவ்வழக்கத்தின்படி, செஃப்பின் அமைவுகள் ஒவ்வொரு இயந்திரத்தின் 'எட்சி' அடைவிலும் 'செஃப்.கான்ஃப்' என்ற பெயரில் இருந்தன. எல்லாருக்கும் பொதுவானவை ஒரு பிரிவில், மானிட்டர்களுக்கு உரியவை மற்றொன்றில், குறிப்பிட்ட ஒரே ஓ.எஸ்.டி.க்கு உரியவை அதன் பெயரிட்ட பிரிவில் என்று அது கிரமமாக எழுதப்பட்டது. கண்ணால் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், வலைத்தொடர்பு அறுந்தாலும் அங்கேயே இருக்கும். இக்குணங்களைக் குறைவாக மதிப்பது சரியாகாது.

ஆயினும் பத்து இயந்திரங்களில் பத்துக் கோப்புகள் இருந்தால், ஓராண்டுக்குள் அவை பத்து விதமாகிவிடுவது அனுபவம். ஓடிக்கொண்டிருக்கும் டீமனுக்குள் 'இன்ஜெக்ட்ஆர்க்ஸ்' என்ற கட்டளையால் மதிப்பைச் செலுத்தி ஒரு நெருக்கடியைத் தீர்த்துவிட்டு, கோப்பில் எழுத மறந்துவிட்டால், அடுத்த மறுதொடக்கத்தில் பழைய மதிப்பு திரும்பிவரும். அப்போது நெருக்கடியும் திரும்பும்.

இதற்குப் பரிகாரமாக எழுந்தது தானியங்கி அமைவு நிர்வாகம். ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் 1993-இல் தொடங்கிய சி.எஃப்.என்ஜினும், 2005-இல் வந்த பப்பெட்டும், பின்னர் வந்த ஆன்சிபிளும், கோப்புகளைக் கைவிடாமல் அவற்றை ஒரே மூலத்திலிருந்து உற்பத்தி செய்யும் நெறியை வகுத்தன. செஃப்பை நிறுவுவதற்கென்றே ஆன்சிபிள் கட்டளைத் தொகுதி ஒன்று பல ஆண்டுகள் பரவலாகப் பயன்பட்டது. இந்நெறியின் பலவீனம், கருவி ஓடும் கணத்துக்கும் அடுத்த முறை ஓடும் கணத்துக்கும் இடையே என்ன நடந்தது என்பதை அது அறியாமையே. மூலத்தில் எழுதியது ஒன்று, வட்டருகே ஓடுவது மற்றொன்று என்ற பிளவை அது சுருக்கியது, நீக்கவில்லை.

சபையின் அதிகாரம்

2018-இல் வெளிவந்த மிமிக் வெளியீட்டில் செஃப் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. அமைவுகள் மானிட்டர்களின் தரவுத்தளத்துக்குள்ளேயே குடியேறின. 'செஃப் கான்ஃபிக் செட்' என்று ஓரிடத்தில் ஆணையிட்டால், பெரும்பான்மைச் சம்மதத்தோடு அது பதிவாகி, உரிய டீமன்களுக்குச் செய்தியாகச் சென்றுவிடும். கொத்தின் நிலையைக் காப்பதற்கென்றே ஒரு சபை ஏற்கெனவே இருக்கும்போது, அமைவையும் அதன் பொறுப்பிலேயே விடுவது இயல்பான சிந்தனைதான். கூகுள் தன் சப்பி என்னும் பூட்டுச் சேவையைப் பற்றி 2006-இல் எழுதியபோதும், 2013-இல் 'எட்சிடி' தோன்றியபோதும், இதே எண்ணமே உள்ளிருந்தது. பின்னதன் பெயரே 'எட்சி' அடைவைப் பகிர்ந்தளிப்பது என்ற கருத்தில் அமைந்ததாகும்.

இம்முறையின் நயங்களில் நான் முதன்மையாகக் கருதுவது, மதிப்புகளைச் சர்வரின் பெயரால் அன்றி அதன் தன்மையால் குறிக்கலாம் என்பது. 'திடநிலை வட்டுகளை ஆளும் ஓ.எஸ்.டி.கள் அனைத்துக்கும்', 'இந்த அடுக்கில் உள்ள அனைத்துக்கும்' என்று ஆணையிடலாம். நாளை புதிய வட்டு ஒன்று சேர்ந்தால் அதற்கும் ஆணை தானாகவே பொருந்தும். மாற்றங்களின் வரலாறும் எண்ணிட்டுப் பதிவாகிறது. வேண்டுமானால் முந்திய எண்ணுக்குத் திரும்பலாம்.

எனினும் இச்சபையின் அதிகாரம் பலர் எண்ணுவதுபோல் முழுமையானதல்ல. செஃப் ஒரு மதிப்பைத் தேடும் வரிசையை நோக்கினால் இது விளங்கும். மென்பொருளோடு வந்த இயல்பு மதிப்பை மானிட்டர்களின் தரவுத்தளம் வெல்லும். தரவுத்தளத்தை அந்தந்த இயந்திரத்தின் கோப்பு வெல்லும். கோப்பைச் சூழல் மாறிகளும், அவற்றைத் தொடக்கக் கட்டளையில் தந்த மதிப்புகளும், அவற்றையும் ஓடும் டீமனுக்குள் நேரே செலுத்திய மதிப்புகளும் வெல்லும். ஆகவே மத்தியில் எழுதிய ஆணையை எங்கோ ஓர் இயந்திரத்தில் மறந்துபோன பழைய கோப்பின் ஒரு வரி அமைதியாக மறுத்துவிடக்கூடும். பழைய கொத்தைப் புதிய முறைக்கு மாற்றியவர்கள் சந்தித்த குழப்பங்களில் கணிசமானவை இதிலிருந்தே பிறந்தவை. பழைய கோப்பின் வரிகளைத் தரவுத்தளத்துக்குள் ஏற்றும் கட்டளை உண்டு. ஏற்றிய பின் கோப்பிலிருந்து அவ்வரிகளை நீக்கவேண்டியவர் நிர்வாகிதான்.

இவ்வரிசை தலைகீழாக அன்றோ இருந்திருக்க வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். அவ்வளவு சுலபமாக அதை ஏற்க முடியவில்லை. லடாக்கின் ஹான்லேயில் உள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் தொடர்பு வழியே இயக்குகிறார்கள். அப்படிப்பட்ட ஏற்பாட்டில் தொடர்பு அறும் கணத்தில் மலைமேல் இருக்கும் இயந்திரத்துக்குத் தன்னளவில் ஏதேனும் தெரிந்திருந்தாக வேண்டும் என்பதைப் பொறியாளர் எவரும் ஒப்புவர். செஃப் டீமனுக்கும் அதே கதிதான். மானிட்டர்களிடம் எல்லா அமைவுகளும் இருக்கலாம்; மானிட்டர்கள் எங்கே இருக்கின்றன என்ற ஒன்றை மட்டும் மானிட்டர்களிடம் கேட்டு அறிய முடியாது. அந்த முகவரியும் அடையாளச் சாவியின் இடமும் உள்ளூரிலேயே இருந்தாக வேண்டும். தரவுத்தளத்தில் இட்ட தவறான மதிப்பினால் மானிட்டரே எழ மறுக்குமானால், உள்ளூர்க் கோப்பு மேலோங்கும் விதிதான் மீட்சிக்கு வழி. ஆதலால் அவ்விதி ஒரு குறைபாடு என்பதைவிட, ஆபத்துக்கால வாயில் என்று கொள்வதே பொருந்தும். ஆபத்து இல்லாக் காலத்தில் அது திறந்து கிடப்பதுதான் பிரச்சினை.

கொள்கலன் வந்தபின்

2013-இல் டாக்கர் வெளியானதிலிருந்து, மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைகளையும் ஒரு கொள்கலனில் அடைத்து இயக்கும் வழக்கம் பரவிற்று. கொள்கலன் மாற்றத்தக்கது, அதனுள் எதையும் நிலையாக வைக்கலாகாது என்பது அதன் தத்துவம். அமைவைச் சூழல் மாறிகளில் வையுங்கள் என்று ஹெரோக்கு நிறுவனத்திலிருந்து 2011-இல் வெளியான பன்னிரு நெறிகள் கூறின. வலைத்தளச் செயலிகளுக்கு அது தக்க அறிவுரை. சேமிப்பு மென்பொருளோ, எறிந்துவிட முடியாத ஒன்றைக் காப்பது. எறியத்தக்க பெட்டியில் எறியலாகாத பொருளின் காவலனை அமர்த்துவதால் விளையும் முரண்பாடு இத்துறையின் நடுநாயகமான சிக்கலாகும்.

செஃப் இதற்குத் தந்த விடை, 2020 மார்ச்சில் வந்த ஆக்டோபஸ் வெளியீட்டோடு அறிமுகமான செஃப்அட்ம். டாக்கரோ பாட்மனோ எதுவாயினும், ஒவ்வொரு டீமனையும் தனிக் கொள்கலனில் இது இயக்குகிறது. இங்கே பழைய நிர்வாகிகள் பலர் தடுமாறுவது ஓரிடத்தில். புரவல இயந்திரத்தின் 'எட்சி' அடைவில் உள்ள செஃப்.கான்ஃப் கோப்பைத் திறந்து திருத்தி, டீமனை மறுதொடக்கம் செய்து, எதுவும் மாறவில்லை என்று கண்டு மலைக்கிறார்கள். கொள்கலனுக்குள் இருக்கும் டீமன் அக்கோப்பைப் பார்ப்பதே இல்லை. கொத்தின் அடையாள எண்ணைப் பெயராகக் கொண்ட ஓர் அடைவில், டீமன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 'கான்ஃபிக்' என்ற சிறு கோப்பு இருக்கிறது. அதுவே கொள்கலனுக்குள் செஃப்.கான்ஃப் ஆகத் தோற்றம் கொள்கிறது. அதைத் தேடிப்பிடித்துத் திருத்தினாலும் நிலைக்காது. டீமன் மறுபடி அமைக்கப்படும்போது செஃப்அட்ம் தன் குறுங்கோப்பை மீண்டும் எழுதிவிடும். வெளியே உள்ள கோப்பு நிர்வாகி கட்டளையிட உதவும் முகவரிச் சீட்டு மாத்திரமே.

இது தெரிந்துகொண்டால் மீதி எளிது. முகவரிகள் மட்டும் கொண்ட குறுங்கோப்பு உள்ளூரில். மற்ற யாவும் மானிட்டர்களின் தரவுத்தளத்தில். இயங்கும் டீமனிடம் 'செஃப் கான்ஃபிக் ஷோ' என்று கேட்டால், ஒவ்வொரு மதிப்பும் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே அது கூறும். தரவுத்தளத்தில் எழுதியிருப்பதைக் காட்டும் 'டம்ப்' கட்டளைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை, ஆணைக்கும் நடப்புக்கும் உள்ள வேற்றுமை என்றே சொல்லலாம்.

அறிவிப்பு நெறி

பல இயந்திரங்களில் கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்னெடீஸ் 2014-இல் வந்தபின் மற்றொரு சிந்தனை வலுப்பெற்றது. வேண்டிய நிலையை ஓர் ஆவணத்தில் அறிவித்துவிட்டால், அந்நிலையை நோக்கிக் கொத்தை இடைவிடாது இழுத்துச் செல்வது இயக்கியின் கடமை என்பது அது. செஃப்பைக் குபர்னெடீஸில் இயக்கும் ரூக், 2018-இல் மேக நுட்ப அறக்கட்டளையில் சேர்ந்து, 2020-இல் அதன் முதிர்ந்த திட்டங்களில் ஒன்றாயிற்று. அறிவிப்பு ஆவணங்களைத் திருத்த வரலாற்றைக் காக்கும் கிட் என்னும் மென்பொருளில் வைத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் பிறர் படித்து ஒப்பிய பின்னரே செயற்படுத்தும் வழக்கத்துக்குக் கிட்ஆப்ஸ் என்ற பெயர் 2017-இல் வழக்குக்கு வந்தது. ஃபேஸ்புக் தன் அமைவுகளை நிரல்போல் எழுதி, பரிசீலித்து, முதலில் சிறு பகுதியில் சோதித்து, பின் பரப்பும் முறையை 2015-இல் விரிவாக எழுதியது.

காரணத்தைக் காப்பதில் இம்முறைக்கு நிகரானது வேறில்லை. ஒரு மதிப்பு ஏன் மாறியது, யார் சொன்னார், யார் ஒப்பினார் என்பது திருத்தத்தோடேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் சேமிப்புக் கொத்தில் இரண்டு அரசுகள் உருவாகிவிடுகின்றன. ரூக்கில் ஒரு மாற்று அமைவுத் தொகுதி உண்டு; அதில் எழுதுவது கொள்கலனுக்குள் உள்ள கோப்பாகச் செல்கிறது. கோப்பு தரவுத்தளத்தை வெல்லும் என்று மேலே கண்டோம். ஆகவே ஒருவர் அறிவிப்பில் எழுத, மற்றொருவர் கட்டளையால் தரவுத்தளத்தில் வேறு மதிப்பை இட, பின்னவர் தம் ஆணை பலிக்காததன் காரணம் அறியாமல் நிற்பார். இதை உணர்ந்தே ரூக்கின் ஆவணங்கள், இயன்றவரை தரவுத்தளத்தையே நாடுமாறு அறிவுறுத்துகின்றன. அண்மை வெளியீடுகளில், அறிவிப்பில் எழுதிய அமைவுகளை ரூக்கே தரவுத்தளத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் வந்திருக்கிறது. திசை சரியானது. எனினும் நெருக்கடி நேரத்தில் கையால் இட்ட மதிப்பை அறிவிப்பு அடுத்த சுற்றில் அழித்துவிடுவது நன்மையா தீமையா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இரவில் கொத்தைக் காக்கும் பணியாளர் ஒரு விதமாகவும் பகலில் அதைத் திட்டமிடுவோர் வேறு விதமாகவும் விடை கூறுவது இயல்பே.

தானே அமைத்துக்கொள்ளும் கட்சி

இவ்வளவு அமைவுகள் எதற்கு என்று கேட்போரும் உண்டு. பயனாளர்களில் பெரும்பாலோர் அளவுருக்களில் சிறு பகுதியையே தொடுகிறார்கள் என்றும், பலவற்றை ஏறத்தாழ எவருமே தொடுவதில்லை என்றும் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. இத்திசையில் செஃப்பும் நகர்ந்திருக்கிறது. ஓ.எஸ்.டி. ஒன்றுக்கு இயல்பாக 4 கிபிபைட் என்றிருந்த நினைவக இலக்கை, புரவல இயந்திரத்தின் மொத்த நினைவகத்தில் 0.7 பங்கை எடுத்துப் பகிர்ந்து தானே கணக்கிடும் வழியைச் செஃப்அட்ம் தருகிறது. குபர்னெடீஸிலோ, கொள்கலனுக்கு விதித்த நினைவக எல்லையை ஓ.எஸ்.டி. அறிந்து, அதில் ஒரு பங்குக்குள் அடங்க முயல்கிறது. எல்லையை அறியாத டீமன் அதைத் தாண்டும்போது இயங்குதளத்தால் கொல்லப்படும் என்பதால், இது வெறும் வசதியன்று.

2022-இன் குவின்சி வெளியீட்டில் எம்கிளாக் என்ற பங்கீட்டு முறை இயல்பாயிற்று. அதைத் தொடர்ந்த வெளியீடுகளில், மீட்பு வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய அளவுருக்களை மாற்ற, முதலில் வேறொரு அனுமதி அமைவை இயக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அந்த அளவுருக்களைக் கையாண்டு பழகிய நிர்வாகிகளுக்கு இது வருத்தம் தந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: இயந்திரத்தின் கணிப்பு பிழைபடும் நாளில் மனிதன் கை வைப்பதற்கு இடம் வேண்டும். தானே அமையும் மதிப்பு எந்தத் தரவிலிருந்து கணிக்கப்பட்டது என்பதும் எப்போதும் எளிதில் தெரிவதில்லை.

தீராத பகுதி

இருப்பிடம் பற்றிய விவாதம் ஓரளவு முடிந்துவிட்டதாகவே தோன்றுகிறது. ஓடும் மதிப்புகளுக்கு மானிட்டர்களின் தரவுத்தளம், முகவரிக்கு உள்ளூர்க் குறுங்கோப்பு, கொத்தின் உருவத்துக்கு அறிவிப்பு ஆவணம் என்ற பங்கீட்டுக்கு வலுவான மறுப்பு இப்போது எழுவதில்லை. ஆனால் எத்தனை மாதங்கள் கழித்தும் ஒருவர் வந்து 'இது ஏன் இப்படி?' என்று கேட்டால் விடை தருவதற்கு அப்பங்கீடு போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மானிட்டர்கள் காக்கும் மாற்ற வரலாற்றில் காலம் இருக்கிறது. பழைய மதிப்பும் புதிய மதிப்பும் இருக்கின்றன. காரணத்துக்கு அங்கே பத்தி இல்லை. பலர் ஒரே நிர்வாகிச் சாவியைப் பயன்படுத்தும் இடங்களில், தணிக்கைப் பதிவைப் புரட்டினாலும் கை யாருடையது என்பது வெளிப்படாது.

காலவரையறையின் கதியும் அதுவே. தரவுக் குளங்களை அழிக்க அனுமதிக்கும் அமைவு இயல்பில் மூடியிருக்கிறது. பழைய குளம் ஒன்றை நீக்க ஒருவர் அதை ஐந்து நிமிடத்துக்குத் திறக்கிறார் என்று கொள்வோம். 'ஐந்து நிமிடத்துக்கு' என்பதை எழுத இடமில்லை. திறந்தது மட்டும் பதிவாகும். மூட மறந்தால், கொத்தின் பார்வையில் அது வேண்டுமென்றே திறந்து வைத்ததாகவே இருக்கும்.

இவற்றினும் கடினமானது ஆயுள் பற்றிய கேள்வி. கொடைக்கானலின் சூரியத் தொகுதி போன்ற ஒன்று, தன்னைத் தாங்கும் வட்டுகளையும் சர்வர்களையும் மென்பொருள் தலைமுறைகளையும் பலமுறை கடந்து வாழவேண்டியது. கொத்து ஒன்று ஓய்வு பெறும்போது தரவு புதிய கொத்துக்குப் பெயர்க்கப்படுகிறது. மானிட்டர்களின் தரவுத்தளமும், அதிலிருந்த மாற்ற வரலாறும், பொதுவாகப் பழைய இயந்திரங்களோடு நின்றுவிடுகின்றன. பிரதிகள் எத்தனை வைக்கப்பட்டிருந்தன, பிழைச் சோதனை எந்த இடைவெளியில் ஓடியது, எந்தக் காலத்தில் எது தளர்த்தப்பட்டது என்பவற்றைத் தொகுதியின் வரலாற்றோடு சேர்த்துக் காக்கவேண்டுமா, அல்லது அவை இயந்திரத்தின் சொந்த விஷயமா என்பதற்கு, சேமிப்புத் துறையிலும் ஆவணக் காப்புத் துறையிலும் பொதுவான வழக்கம் இன்னும் உருவாகவில்லை. அளவீட்டுப் பதிவு இல்லாத தகட்டின் முன் அமரும் சூரிய ஆராய்ச்சியாளர் முதற்கேள்விக்கே ஆம் என்பார் என்று நினைக்கிறேன். அதை எந்த வடிவில், யார் பொறுப்பில், எத்தனை விவரத்தோடு எழுதி வைப்பது என்பதை அவரும் கொத்து நிர்வாகியும் ஒன்றாக உட்கார்ந்துதான் வகுக்கவேண்டியிருக்கும்.